இல்லாத கணினியில் ஓடும் சம்பளக் கணக்கு

திருப்பூரில் சம்பளம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம். ஓவர்லாக், ஃபிளாட்லாக் டைலர்கள், கை மடிப்பவர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் என்று ஒவ்வொருவருக்கும் அந்த வாரம் எத்தனை டஜன், டஜனுக்கு என்ன ரேட், வாங்கிய அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்று பார்த்துக் கவரில் பணம் போட வேண்டும். சில பழைய பனியன் கம்பெனிகளில் இந்தக் கணக்கைப் போடும் புரோகிராம் இன்னமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில்தான் வருகிறது. மவுஸ் கிடையாது. எண்டர், எஸ்கேப், எஃப்10 மூன்றும் தெரிந்தால் போதும். 1990-களில் உள்ளூர்க் கம்ப்யூட்டர்காரர் ஒருவர், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்தது அது. ஓடுகிற லேப்டாப்போ புதியது, விண்டோஸ் 11 போட்டது. 2021-இல் வந்த அந்த விண்டோஸுக்கு டாஸ் புரோகிராம்களை நேரடியாக ஓட்டத் தெரியாது.

அப்படியானால் சம்பளக் கணக்கு எங்கே ஓடுகிறது? டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், இல்லாத ஒரு பழைய கணினியை அந்த லேப்டாப்புக்குள் உண்டாக்கி வைத்திருக்கிறது. சம்பளப் புரோகிராம் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, தன்னைச் சுற்றி இருப்பது 1990-களின் மேஜைக் கணினிதான் என்று நம்பி வேலை பார்க்கிறது.

ஒரு புரோகிராமுக்குத் தன் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், மிகவும் கொஞ்சம்தான். "இந்த இரண்டு எண்களைக் கூட்டு" என்றால் கூட்டல் நடக்க வேண்டும். "இந்தக் கோப்பைத் திற" என்று டாஸைக் கேட்டால் கோப்பு திறக்க வேண்டும். திரைக்குரிய நினைவகத்தில் ஓர் எழுத்தை வைத்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்டதற்குச் சரியான பதில் வரும் வரை, பதில் சொல்வது சிப்பா, இன்னொரு புரோகிராமா என்று அறிய அதற்கு வழியே இல்லை. இப்படிப் பதில் சொல்லும் புரோகிராமைத்தான் எமுலேட்டர் என்கிறார்கள்.

திரையை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். டாஸ் காலத்துத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. ஆக 2,000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பைட்: ஒன்று எந்த எழுத்து என்று சொல்லும், இன்னொன்று என்ன நிறம் என்று சொல்லும். இந்த 4,000 பைட்டுகளும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரியில் இருந்தன. டாஸ் வழியாகப் போனால் நேரமாகும் என்று அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் நேராக அந்த முகவரியிலேயே எழுத்துகளைக் கொட்டினார்கள். டாஸ்பாக்ஸ் தனது சொந்த நினைவகத்தில் ஒரு துண்டை அந்த முகவரி என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதில் எது வந்து விழுந்தாலும் ஒரு விண்டோஸ் சன்னலில் படமாக வரைந்துவிடுகிறது.

இந்தியாவில் இதே இடத்தில் கைவைத்து இன்னொரு காரியமும் செய்தார்கள். ஐஐடி கான்பூரில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகினால், ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட டாஸ் புரோகிராமில் தமிழோ இந்தியோ தெரியும். புரோகிராம் வழக்கம்போல ஏதோ எண்களை அனுப்பும். அட்டை அவற்றை இந்திய எழுத்துகளாக வரைந்து திரையில் காட்டும். டிபேஸ் போன்ற தரவுத்தளப் புரோகிராம் கடைசிவரை ஒரு தமிழ் எழுத்தையும் அறியாது, ஆனால் பெயர்ப்பட்டியல் தமிழில் நிற்கும். பழைய இந்தியக் கணினி வேலைகளில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று இது.

டாஸ்பாக்ஸை நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ராவும் ஷூர்ட் வான் டெர் பெர்க்கும் எழுதி 2002-இல் வெளியிட்டார்கள். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்தது அது. அப்போதைய 32 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம்கள் ஓரளவு ஓடின. இன்டெல் 1985-இல் கொண்டுவந்த 386 சிப்பிலிருந்து, டாஸ் காலத்து 8086 சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு தனி நிலை சிப்புக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். சிப் 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்த வசதி கிடையாது. விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறியதும் கணக்குப் புரோகிராம்கள் நடுத்தெருவில் நின்றன. விளையாட்டுக்காகப் பிறந்த எமுலேட்டர் அவற்றுக்கும் வீடு கொடுத்தது. அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே வீடாஸ் போன்ற கிளைகளும் பிறகு வந்தன.

வேகம் குறைந்தால்தானே சிக்கல் என்று தோன்றும். வேகம் அதிகமானாலும் சிக்கல்தான். டாஸ் காலத்துச் சில புரோகிராம்கள் தொடங்கும்போது ஒரு சின்ன சோதனை செய்துகொள்ளும்: குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு வெற்றுச் சுழலை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை வகுத்துக் கணினியின் வேகத்தை அறிந்துகொள்ளும். எழுதியவர் எண்ணிப் பாராத வேகத்தில் கணினி வந்தபோது, வகுத்த விடை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போய், தொடங்கும்போதே புரோகிராம் செத்தது. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்களில் இது 200-ஆம் எண் பிழை என்று பெயர் வாங்கியது. டாஸ் ஃபாக்ஸ்புரோவும் இதே மாதிரி இடறியது. அதனால் டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்கத் தனி ஏற்பாடு உண்டு. தொடக்கத்தில் ஒரு மில்லி விநாடிக்கு 3,000 கட்டளை என்றுதான் வைத்திருப்பார்கள். நொடிக்குப் பல நூறு கோடி வேலை செய்யக்கூடிய சிப், சம்பளப் புரோகிராமுக்காக நிதானமாக நடக்கிறது.

இனி கையடக்கக் கணினிக்கு வருவோம். மேஜைக் கணினியின் மென்பொருளைச் சட்டைப்பைக்குள் கொண்டுபோகும் ஆசை, கைபேசிகள் பரவுவதற்கு முன்பே வந்துவிட்டது. 1989-இல் அட்டாரி போர்ட்ஃபோலியோ, மூன்று பென்டார்ச் பேட்டரியில் ஓடும் டாஸ் கணினியாக வந்தது. 1991-இல் ஹியூலட் பேக்கார்ட் 95எல்எக்ஸ் வந்தது. அதற்குள் லோட்டஸ் 1-2-3 முழுதாக இருந்தது. அன்றைக்கு உலகத்தின் கணக்கர்கள் பாதிப் பொழுதைக் கழித்த அதே விரிதாள். இந்த இரண்டிலும் எமுலேட்டர் இல்லை. ஐபிஎம் பிசியின் சிப்போடு ஒத்துப்போகும் சிப்பையே உள்ளே வைத்தார்கள். 95எல்எக்ஸின் வேகம் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியைவிடக் கொஞ்சம் அதிகம்.

அங்கே மாட்டிக்கொண்டது திரை. புரோகிராம் 80 எழுத்து அகலம், 25 வரி என்று நம்பியிருக்கிறது. 95எல்எக்ஸின் திரையில் 40 எழுத்து, 16 வரிதான் இடம். எனவே முழுத் திரையையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டி, வேண்டிய பக்கம் நகர்த்திப் பார்க்க வைத்தார்கள். இடப்பக்கம் பெயர் தெரிந்தால் வலப்பக்கம் தொகை தெரியாது. 1994-இல் வந்த 200எல்எக்ஸின் திரையில் 640-க்கு 200 புள்ளிகள் இருந்ததால் 80 எழுத்தும் 25 வரியும் முழுதாக அடங்கின. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, ஆனாலும் மேஜைக் கணினிப் புரோகிராம்கள் அப்படியே ஓடின. இரண்டு பென்டார்ச் பேட்டரி போட்டால் போதும். அந்தக் கருவியை உற்பத்தி நின்ற பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் வைத்திருந்ததில் எனக்கு வியப்பில்லை.

எதிர்த்திசைப் பயணம், அதாவது கையடக்கக் கருவியை மேஜைக் கணினிக்குள் கொண்டுவருவது, பாம் பைலட்டோடு சூடுபிடித்தது. 1996-இல் வந்த அதன் சிப் வேறு குடும்பம்: மோட்டரோலாவின் 68000 வழி வந்த டிராகன்பால், 16 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் தொடக்க மாதிரியில் 128 கிலோபைட். திரை 160-க்கு 160 புள்ளி. இவ்வளவு சின்னக் கருவியில் உட்கார்ந்து புரோகிராம் எழுத முடியாது. மேஜைக் கணினியில் எழுதி, கருவிக்குள் ஏற்றி, பிழை கண்டால் திரும்ப எழுத வேண்டும். கிரெக் ஹியூகில் என்பவர் கோபைலட் என்ற எமுலேட்டரை எழுதி இந்த அலைச்சலை ஒழித்தார். அமிகா என்ற வேறொரு கணினிக்கான எமுலேட்டரில் 68000 சிப்பாக நடிக்கும் பகுதி ஏற்கெனவே இருந்தது, அதை எடுத்தாண்டார். பிற்பாடு பாம் நிறுவனமே அந்த வேலையைக் கையில் எடுத்து வளர்த்தது. மேஜைக் கணினித் திரையில் பைலட்டின் படம் தெரியும், மவுஸ்தான் பேனா. கிரெம்லின்ஸ் என்ற ஒரு வசதி, குருட்டாம்போக்கில் ஆயிரக்கணக்கான முறை திரையைத் தட்டிப் புரோகிராம் எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லும். மனிதக் கைக்கு அந்தப் பொறுமை வராது.

சிப் குடும்பம் மாறும்போது வரும் சிக்கலில் ஒன்று பைட் வரிசை. ஆயிரம் ரூபாய் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது 3 முறை 256, அதோடு 232. இரண்டு பைட்டில் வைக்கும்போது 68000 குடும்பம் 3-ஐ முதலில் வைக்கும். இன்டெல் குடும்பம் 232-ஐ முதலில் வைக்கும். ஒன்று எழுதியதை இன்னொன்று அப்படியே படித்தால் 232 முறை 256, அதோடு 3 என்று ஆகி, ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் 59,395 ரூபாய் ஆகிவிடும். எமுலேட்டர் ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் இதை மறக்காமல் திருப்பிப் போட வேண்டும்.

2002-இல் பாம் நிறுவனம் ஏஆர்எம் சிப்புக்குத் தாவியபோது இன்னும் பெரிய வேலை காத்திருந்தது. பழைய சிப்புக்கு எழுதப்பட்ட ஏராளமான புரோகிராம்களை வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்காகப் புதிய கருவிக்குள்ளேயே பழைய சிப்பின் எமுலேட்டரைப் பொதித்தார்கள். புரோகிராமின் சொந்தக் கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக எமுலேட்டர் வழியே நடக்கும். கோடு வரை, பட்டியலைத் தேடு என்று அது இயங்குதளத்தைக் கேட்டவுடன், அந்த வேலையைப் புதிய சிப் தன் முழு வேகத்தில் செய்து கொடுத்துவிடும். பெரும்பாலான புரோகிராம்கள் பாதி நேரம் இயங்குதளத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால், பழைய கருவியைவிட வேகமாகவே ஓடின.

நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூருவில் இதற்கு வேறொரு பாதை பிடித்தார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை, 2001 ஏப்ரலில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியின் மாதிரியை வெளியிட்டது. விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய், வினய் தேஷ்பாண்டே ஆகியோர் அதன் பின்னால் இருந்தார்கள். படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும், இந்திய மொழிகளைப் பேசிக் காட்ட வேண்டும், ஊரே ஒன்றைப் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு வேண்டும் என்பது எண்ணம். ஏஆர்எம் வழி வந்த ஸ்ட்ராங்ஏஆர்எம் சிப், சுமார் 200 மெகாஹெர்ட்ஸ், இயங்குதளம் லினக்ஸ்.

லினக்ஸைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், மேஜைக் கணினிக்கென எழுதியதைப் புதிய சிப்புக்குத் தொகுத்துக்கொள்ளலாம், எமுலேட்டர் தேவையில்லை. திருப்பூர்க்காரருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: மூலநிரல் கையில் இருப்பது பேட்டர்ன் கையில் இருப்பது போல, எந்தத் துணியிலும் புதிதாக வெட்டித் தைத்துக்கொள்ளலாம், வெறும் இயங்கு கோப்பு மட்டும் இருப்பது தைத்து முடித்த பனியன் ஒன்று மட்டும் இருப்பது போல. சம்பளப் புரோகிராமின் மூலநிரல் எழுதியவரோடு போய்விட்டது என்றால், எமுலேட்டரை விட்டால் வேறு வழியில்லை.

அப்படி மறுபடி தொகுத்தாலும் பாவனை முற்றிலும் விலகிவிடாது. ஸ்ட்ராங்ஏஆர்எம் சிப்பில் தசமக் கணக்குகளுக்கான தனிப் பகுதியே கிடையாது. அத்தகைய கட்டளை வந்தால், அறியாத கட்டளை என்று சிப் நின்றுவிடும். லினக்ஸின் கருப்பகுதி அந்த இடத்தில் புகுந்து, எந்தக் கணக்கு என்று படித்து, முழு எண்களை வைத்தே அதைப் போட்டு, விடையை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் புரோகிராமை அடுத்த வரியிலிருந்து நடக்கவிடும். புரோகிராம் அந்தப் பகுதி இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவில் கால்வாசியைக்கூட எட்டவில்லை. கைபேசி மலிந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் ஏஆர்எம் சிப், அதன்மேல் லினக்ஸ், தொடுதிரை, இந்திய மொழி என்று அவர்கள் வகுத்த கலவைதான் இன்று திருப்பூரில் ஒவ்வொரு செக்கிங் டேபிளிலும் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் கலவை. அந்தப் பேராசிரியர்களின் கணிப்பு சரியாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அந்த ஆண்ட்ராய்டு போனிலும் டாஸ்பாக்ஸின் வடிவங்கள் கிடைக்கின்றன. சம்பளப் புரோகிராமின் கோப்புறையைப் போனுக்குள் போட்டால் கறுப்புத் திரை உள்ளங்கையில் வரும். இன்டெல் கட்டளைகளை ஏஆர்எம் கட்டளைகளாக மாற்றும் வேலை முழுதும் மென்பொருளில் நடக்கிறது. ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு முறையும் பெயர்த்தால் நேரமாகும் என்று, ஒரு துண்டைப் பெயர்த்ததும் அதை எடுத்து வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. இருநூறு டைலர்களுக்குச் சம்பளம் போடும்போது ஓடுவது ஒரே துண்டுதான். முதல் ஆளுக்குப் பெயர்த்தது மீதிப் பேருக்கு அப்படியே உதவும்.

இந்த வித்தையை நான் பார்த்த இடங்களில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கணக்கு அறையல்ல, எம்பிராய்டரி யூனிட். டி-சர்ட்டின் நெஞ்சில் லோகோ போடும் பல தலை எம்பிராய்டரி மெஷின்களில் பழையவை டிசைனை 3.5 அங்குல ஃபிளாப்பியில்தான் படிக்கும். மெஷினுக்கு இன்னும் பல வருட ஆயுள் இருக்கிறது. ஆனால் ஜப்பானில் சோனி 2011-இல் ஃபிளாப்பி விற்பதையே நிறுத்திவிட்டது. போதாக்குறைக்குப் பஞ்சுத்தூள் ஃபிளாப்பி டிரைவுக்குள் புகுந்து படிக்கும் தலையை அடைத்துவிடும். எனவே டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அளவில், அதே 34 கம்பிப் பட்டைக் கேபிளில் மாட்டும் கோடெக் போன்ற ஒரு பெட்டியை வைக்கிறார்கள். முன்னால் ஒரு யூஎஸ்பி துளை, இரண்டு பொத்தான், எண் காட்டும் சின்னத் திரை. பென் டிரைவுக்குள் நூறு ஃபிளாப்பிகள் வரை வரிசையாக இருக்கும். பொத்தானை அழுத்தி 07 என்று வைத்தால் ஏழாம் எண் ஃபிளாப்பி உள்ளே போனதாக மெஷின் நினைக்கும்.

அந்தப் பெட்டி பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைப் பாருங்கள். உண்மையான ஃபிளாப்பி நிமிடத்துக்கு 300 முறை சுற்றும்; ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடையாளத் துடிப்பை மெஷினுக்கு அனுப்பும். பெட்டிக்குள் எதுவுமே சுற்றவில்லை. இருந்தாலும் 200 மில்லி விநாடிக்கு ஒரு முறை அந்தத் துடிப்பு போயாக வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் பழுது என்று மெஷின் நின்றுவிடும். தலையை அடுத்த தடத்துக்கு நகர்த்து என்று மெஷின் சொன்னால், நகராத தலை நகர்ந்த கணக்கை வைத்துக்கொண்டு, 80 தடங்களில் சரியான தடத்தின் தகவலை, காந்தத் தட்டிலிருந்து வருவது போலவே 2, 3, 4 மைக்ரோ விநாடி இடைவெளியுள்ள துடிப்புகளாக மாற்றி அனுப்ப வேண்டும். இந்த வேலைக்காகக் கோடெக் பெட்டிகளில் பலவற்றில் 72 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் சிப் இருக்கிறது. பாம் பைலட்டைவிட நாலரை மடங்கு வேகமான ஒரு கணினி, ஒரு ஃபிளாப்பி டிரைவாக நடித்துக்கொண்டிருக்கிறது.

அது கொடுக்கும் டிசைன் கோப்பிலும் பழங்காலம் உறைந்திருக்கிறது. தஜிமா நிறுவனத்தின் டிஎஸ்டி வடிவத்தில் ஒரு தையலுக்கு மூன்று பைட். துணி மாட்டிய சட்டம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை 0.1 மில்லிமீட்டர் அலகில் 1, 3, 9, 27, 81 என்ற எண்களைக் கூட்டியும் கழித்தும் சொல்கிறார்கள். 2 மில்லிமீட்டர் என்றால் 20 அலகு: 27-இல் 9 போக, 3 சேர்த்து, 1 கழித்தால் 20. ஐந்து எண்களையும் கூட்டினால் 121. அதனால்தான் ஒரு தையல் எந்தப் பக்கமும் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. துளைநாடாவில் டிசைன் ஓட்டிய காலத்து எழுத்துமுறை இது. எட்டாயிரம் தையல் கொண்ட ஒரு லோகோ ஏறத்தாழ 24,000 பைட்டில் அடங்கிவிடும். நூலின் நிறம் கோப்பில் கிடையாது, இங்கே நிறம் மாற்று என்ற குறிப்பு மட்டும் இருக்கும். எது சிவப்பு, எது நீலம் என்பது ஆபரேட்டர் கையில் உள்ள காகிதத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் இப்படி நடித்துக் காட்ட முடியாது. பழைய பேட்டர்ன் மென்பொருள்கள் சிலவற்றுக்குக் கணினியின் பின்னால் செருகும் ஒரு பூட்டு உண்டு. அதனுள்ளே இருக்கும் சிப் ரகசியக் கேள்விக்கு ரகசியப் பதில் சொல்லும். அந்தப் பதில் தெரியாதவரை எமுலேட்டரால் ஒன்றும் செய்ய இயலாது. அச்சும் தலைவலி. டாஸ் புரோகிராம் நேராக இணை வாயிலுக்கு எழுத்துகளைத் தள்ளும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடித்துக்கொண்டே போகும். இன்றைய லேப்டாப்பில் அந்த வாயிலே இல்லை, சாதாரண டாஸ்பாக்ஸில் அச்சுக்கு வழியும் இல்லை. அதற்காகத்தான் பலர் வீடாஸ், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்றவற்றுக்குப் போகிறார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது பழைய பில்லிங் புரோகிராம்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வரியோடு தொடர்பில்லாத பீஸ் ரேட் சம்பளம்தான் தப்பியது.

இப்படி ஒரு புரோகிராம் வைத்திருப்பவர்கள் அதை அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தகவலை மட்டும் மீட்பது சுலபம். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பு அவ்வளவு எளிமையானது: தலைப்பில் எந்தக் கட்டம் எத்தனை எழுத்து என்று இருக்கும், பிறகு ஒவ்வோர் ஆளின் வரியும் அதே நீளத்தில் அடுத்தடுத்து வரும். தேதி வருடம், மாதம், நாள் என்று எட்டு இலக்கத்தில் இருக்கும். நீக்கிய வரிகூட அழியாது. வரியின் முதல் எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும், பேக் என்று கட்டளை கொடுக்கும்வரை வரி அப்படியே கிடக்கும். லிப்ரேஆஃபிஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைத் திறக்கலாம். ஆனால் கைக்கு எந்த ரேட், காலருக்கு எந்த ரேட், ஆல்டர் வந்தால் யார் கணக்கில் பிடிப்பது, தீபாவளி போனஸுக்கு எந்த வாரங்களைச் சேர்ப்பது என்ற விதிகள் டிபிஎஃப்பில் இல்லை, இயங்கு கோப்புக்குள் இருக்கின்றன. எனவே பென் டிரைவில் நகல் எடுக்கும்போது டிபிஎஃப்பை மட்டும் எடுக்காமல் முழுக் கோப்புறையையும், டாஸ்பாக்ஸையும் அதன் அமைப்புக் கோப்பையும் சேர்த்து எடுத்துவையுங்கள். அந்த நகலை வேறொரு கணினியில் போட்டு, போன சனிக்கிழமைச் சம்பளத்தை ஒரு முறை ஓட்டி, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.